ஏனையவை

விடிய ஆறு மணிக்கு
கரடிப்போக்குச் சந்தியில் எனக்கென்று
ஒரு பிளாஸ்ரிக் கதிரை, ஒரு குடை.
பன்னிரண்டு மணித்தியாலம், இரண்டாயிரத்து ஐந்நூறு ரூபா,
தேத்தண்ணிக் காசு வேற.

வேலை லேசு என்றார் சர்வானந்தன் சேர்:
'போறதைப் பார், கோட்டைப் போடு,
நாலு கோட்டுக்குக் குறுக்கால ஐஞ்சாவது.'
கார், வான், பஸ், லொறி,
மோட்டார் சைக்கிள், ஓட்டோ.
தாளின் கரையில், விளிம்போடு ஒட்டி,
ஒரு ஒடுங்கல் பெட்டி:
ஏனையவை.

ஆறரைக்குக் கார்மென்ற்ஸ் பஸ்.
மிதிபலகையிலும் ஆக்கள்,
கண்ணாடியில் நெற்றிகள் நித்திரை.
எழுபது பேர் இருக்கும்.
ஒரு கோடு.
பின்னால் கண்ணாடி ஏற்றிய பஜிரோ,
உள்ளே ஒருவர், போன் கதைத்தபடி.
அவருக்கும் ஒரு கோடு,
அதே நீளம்.

ஏழு பத்துக்கு உருத்திரபுரம் பக்கமிருந்து
சைக்கிள்கள்.
வெள்ளைச் சட்டைகள் மூன்று மூன்றாய்,
கதைக்கிறதுக்காகவே அருகருகாய்,
கோர்ன் கேட்டால் மட்டும் வரிசையாகி
மறுபடி குளத்து மீன்குஞ்சுபோல் கலைந்து.
எண்ணினேன், விட்டேன், திரும்ப எண்ணினேன்.
எட்டு மணிக்கு முன்பே
ஏனையவை நிரம்பி
கோடுகள் தாளின் பின்பக்கம் போய்விட்டன.

களை பிடுங்க ஆறு பொம்பிளையளை ஏற்றி
ஒரு லாண்ட்மாஸ்டர்.
லொறியா? பஸ்ஸா?
எதிர்ப்பக்கக் குடைக்குக் கீழ் இருந்த தர்மினியைப் பார்த்தேன்.
தோளைக் குலுக்கினாள்.
அந்த ஆறு பேரும் எங்களைப் பார்த்துக்
கை காட்டிக்கொண்டு
ஏனையவைக்குள் போனார்கள்.

பத்தரைக்கு ஒருவர் கடக்க நின்றார்.
இடது கால் பொய்க்கால்,
கையில் மருந்துப் பை.
அந்நேரம் பார்த்து இ.போ.ச. பஸ்ஸும் தனியார் பஸ்ஸும்
ஒன்றையொன்று முந்தி வந்தன
அடுத்த தரிப்பில் நிற்கிற இரண்டு பேருக்காக.
'அகலிக்க முன்னம் ஒரே மூச்சில கடப்பன், தங்கச்சி.
இப்ப நடுவில ஒருக்கா இளைப்பாறோணும்.
நடுவில நிக்க விடுறாங்களே?'
மணிக்கூட்டைப் பார்த்தேன்.
நாலு நிமிசம் இருபது செக்கன்.
நிற்கிறதுக்குப் பெட்டி இல்லை,
போறதைத்தானே எண்ணச் சொன்னவை.

வெயில் தாரை நெளிய வைத்தது.
லீசிங் இல்லாத ஒரு மோட்டார் சைக்கிளைக் காட்டினால்
ஐஸ்கிறீம் வாங்கித் தருவதாக
தர்மினி போனில் சொன்னாள்.
ஒருவரும் வெல்லவில்லை.

பன்னிரண்டு மணி பஸ்
ஒன்றேகாலுக்கும் வரவில்லை.
நிழலில்லாத தரிப்பில் ஒன்பது பேர்,
ஒருத்தியின் இடுப்பில் காய்ச்சல்காரப் பிள்ளை.
வராத பஸ்ஸுக்கு எங்கே கோடு போடுவது?
கடைசியில் நாலு பேர் காசு சேர்த்துக்
கூட்டாய்ப் பிடித்துப் போனதுதான்
என் தாளில் ஏறியது:
ஓட்டோ, ஒன்று.
மிச்ச ஐந்து பேரும்
நடந்தார்களோ, திரும்பினார்களோ,
நான் குனிந்து வான் ஒன்றைப் பதிந்த நேரம்
அங்கே இல்லை.

ஆறு மணிக்குச் சேர் வந்து தாளைப் புரட்டினார்.
'என்ன பிள்ளை, ஏனையவை இவ்வளவு?
கொம்பியூட்டரில அதுக்கு மூண்டு இலக்கம்தான் இடம்.'
கொஞ்சம் யோசித்து
தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது எழுதினார்.
கெட்ட மனிசன் இல்லை.
எனக்கும் தர்மினிக்கும் பணிஸ் வாங்கி வந்திருந்தார்.
இந்தக் கணக்கு கொழும்புக்குப் போகுமாம்,
அங்கே வைத்துத்தான்
எவ்வளவு அகலம், எத்தனை வரிசை என்று கீறுவார்களாம்.

குடையை மடித்துக் கொடுத்துவிட்டு
மின்கம்பத்தோடு பூட்டியிருந்த
சைக்கிளை எடுத்தேன்.
டைனமோ போய் ஒரு மாதம்.
கந்தசுவாமி கோயில் தாண்ட முன்னம்
முதுகுக்குப் பின்னால் லொறிக் கோர்ன்.
மண்ணுக்குள் இறங்கி,
ஒரு காலை ஊன்றி நின்றேன்.
புழுதி, டீசல், காற்று,
பிறகு சிவப்பு வெளிச்சம் இரண்டு.

விரல் தன்பாட்டில்
ஹாண்டிலில் ஒரு கோடு கீறியது:
லொறி, ஒன்று.